'அவேர்னஸ்' ஸ்பானிஷில் எந்தச் சொல்?

சிம்மக்கல் தம்பி: கண் தானத் துண்டறிக்கையை ஸ்பானிஷில் பெயர்க்கிறேன். பெரு, மெக்சிகோவிலிருந்து மதுரைக்குப் பயிற்சிக்கு வரும் டாக்டர்கள் ஊருக்குக் கொண்டுபோவார்களாம். 'அவேர்னஸ்' வந்ததும் முட்டி நிற்கிறேன். கொன்சியென்சியா, நடுவில் எஸ் சேர்ந்த இன்னொரு கொன்சியென்சியா, கொன்சியென்டிசாசியோன். எதைப் போட? தமிழில் விழிப்புணர்வு என்று ஒரே சொல்லில் தப்பித்தேன்.

வைகைக்கரை அக்கா: தப்பிக்கவில்லை தம்பி! 'விழிப்புணர்வு முகாம்' என்கிறோம், நடப்பது விழிப்புணர்வு ஊட்டுவது. ஸ்பானிஷ் இதைப் பிரித்துவைத்திருக்கிறது. கொன்சியென்சியா உள்ளே இருக்கும் உணர்வு. மனசாட்சியும் அதே சொல்தான், அந்தப் பொருளில் எஸ் வராது. நினைவோடு இருப்பதற்கு எஸ் சேர்த்தும் எழுதலாம், சேர்க்காமலும் எழுதலாம். ஊரைத் தட்டி எழுப்பும் வேலைக்கு கொன்சியென்டிசாசியோன்.

தெப்பக்குளத்தான்: அக்கா சொன்னது சரி. ஸ்பெயின்காரர்கள் கொன்சியென்சியாசியோன் என்பார்கள். பெரு, மெக்சிகோவுக்கு அக்கா சொன்ன கொன்சியென்டிசாசியோனே பழக்கம்.

சிம்மக்கல் தம்பி: நன்றி அக்கா, அண்ணே. போன தடவை 'கொன்சியென்சியா முகாம்' என்று போட்டு, ஒரு டாக்டரம்மா "பாவமன்னிப்புக் கூட்டமா?" என்று சிரித்தார். அப்புறம் ஒன்று, இருநூறு பிரதி ஏற்கெனவே அச்சாகிவிட்டது. மேலே ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.