அப்பாவின் மறதியும் நான் நிறுத்திய கொலஸ்ட்ரால் மாத்திரையும்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

பூம்பாறை மகள்:

அப்பாவுக்கு 71 வயது. பூண்டு விவசாயி. போன போகத்தில் விதைப்பூண்டு ஊன்றி முடித்த பாத்தியை மறுநாள் காலையில் கொத்திவிட்டு, அதிலேயே திரும்பவும் ஊன்றிக்கொண்டிருந்தார். களைப்பு என்று விட்டுவிட்டோம். அப்புறம் ஒருநாள் குழந்தை வேலப்பர் கோயிலுக்குப் போனவர் வீடு வந்து சேரவில்லை. தேடிப் போனால் எங்கள் தெருமுனையில் நிற்கிறார், எந்தச் சந்துக்குள் திரும்ப வேண்டும் என்று தெரியாமல். பிறந்து வளர்ந்த தெரு.

அந்த வாரம்தான் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. மூளைக்குக் கொழுப்பு வேண்டும், கொலஸ்ட்ரால் மாத்திரைதான் மறதியைக் கொண்டுவருகிறது என்று. அப்பாவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து 6 வருடம்; ராத்திரி அட்டோர்வாஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை போடுவார். யாரையும் கேட்காமல் நான்தான் நிறுத்தினேன். நம்ம மலைப்பூண்டு இருக்கிறதே என்று தினமும் நாலு பல் நசுக்கிக் கொடுத்தேன். மூன்று மாதம் போனது. மறதி அப்படியே இருந்தது. எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 68லிருந்து 149க்கு ஏறிவிட்டது.

மதுரைக்கு இறங்கி நரம்பியல் டாக்டரிடம் காட்டினோம். பி12, தைராய்டு, ஸ்கேன் எல்லாம் பார்த்தார். ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். அப்பா எண்களையெல்லாம் வட்டத்தின் ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதினார். அந்தக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். அல்சைமர் என்ற மறதி நோய் என்றார்.

மாத்திரையை நிறுத்தியதைச் சொன்னபோது திட்டுவார் என்று பயந்தேன். திட்டாமல் விளக்கினார். "ஏம்மா, ரத்தத்துல ஓடுற கொலஸ்ட்ரால் மூளைக்குள்ள போகாது, நடுவுல ஒரு வேலி மாதிரி தடுப்பு இருக்கு. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செஞ்சுக்கும். உடம்புல இருக்கிற மொத்த கொலஸ்ட்ரால்ல சுமார் 5ல் 1 பங்கு அங்கதான் இருக்கு. ஆனா ஆக்ஸிஜன் ஏறி உருமாறின ஒருசில வகை அந்த வேலியைத் தாண்டும்." மூளை உடம்பு எடையில் 2 சதவீதம்தானாம், ஆக்ஸிஜனில் 20 சதவீதத்தைச் செலவழிக்கிறதாம். அவ்வளவு எரியும் இடத்தில் கழிவும் சேரும். கொழுப்பு மிகுந்த இடமாகவும் இருப்பதால், திறந்து வைத்த எண்ணெயில் சிக்குவாடை ஏறுவதுபோல செல்களின் சவ்வு கெடுகிறது. இளம் வயதில் உடம்பு அன்றன்றைக்குச் சுத்தம் செய்துவிடுகிறது. வயதானால் முடிவதில்லை. பூண்டுக்குப் புகை போடும் எங்கள் பரண் ஞாபகம் வந்தது. பெருக்காமல் விட்டால் கரி அப்பிக்கொள்ளும்.

அப்படியானால் மாத்திரை மறதியைச் சரிசெய்யுமா என்று கேட்டேன். செய்யாது, அல்சைமர் வந்தபின் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் நோயின் வேகம் குறையவில்லை என்றார். "இது உங்க அப்பா இதயத்துக்கு. அதை நிறுத்த உங்களுக்கு யார் சொன்னது?" பதில் சொல்ல முடியவில்லை. அன்று ராத்திரியே மறுபடி ஆரம்பித்தோம்.

கோத்தகிரி அம்மா:

தங்கச்சி, என் வீட்டுக்காரருக்கும் இதே நோய்தான், நாலு வருஷம் ஆச்சு. நான் வைட்டமின் ஈ பக்கம் போனேன். 1997ல் ஒரு பெரிய ஆய்வில் அல்சைமர் நோயாளிகளுக்குத் தினம் 2000 யூனிட் கொடுத்தார்கள். குளிப்பது, உடுத்துவது போன்ற வேலைகள் கைவிட்டுப் போவது கொஞ்சம் தள்ளிப்போனது, ஞாபகசக்தி கூடவில்லை. அதில் முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டு மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்தேன். அவர் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர். பல் ஈறில் கசிய ஆரம்பித்து, கையெல்லாம் நீலமாகக் கன்றிப்போச்சு. அதிக அளவு வைட்டமின் ஈ அந்த மருந்தோடு சேர்ந்தால் அப்படி ஆகும் என்று டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. இப்போது நிறுத்திவிட்டோம். சாயங்காலம் தேயிலைத் தோட்டத்து ஓரமாக ரெண்டு பேரும் நடக்கிறோம். என் பெயர் வரமாட்டேங்குது அவருக்கு. கையை மட்டும் விடமாட்டார்.

கூடலூர்க்காரன்:

அக்கா, எனக்கு 46 வயசு. எல்டிஎல் 190. அம்மாவுக்கு மறதி நோய் இருந்தது. உடம்புக்கு ஒரு தொந்தரவும் தெரியாததால் இதுவரை டாக்டரிடம் போகவில்லை.

பூம்பாறை மகள்:

தம்பி, தொந்தரவு ஒன்றும் தெரியாது, உள்ளே நடப்பதும் தெரியாது. இந்த வயதில்தான் கணக்கு. 2024ல் லான்செட் என்ற மருத்துவ இதழின் நிபுணர் குழு, மறதி நோய்க்கான தவிர்க்கக்கூடிய 14 காரணங்களில் நடுவயதில் கூடும் எல்டிஎல்லையும் புதிதாகச் சேர்த்தது. கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம், காது கேட்கும் திறன் எல்லாம் பாருங்கள். திங்கட்கிழமையே போங்கள். போய்விட்டு வந்து இங்கே எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.