எண்ணெய் டின்னில் கிடந்த பத்து ரூபாய்க் காசுகள்

சேர்த்து வைக்க அபூர்வ நாணயங்களை எங்கே தேடுகிறீர்கள் என்ற கேள்விக்குப் பலரும் உண்டியல் காசு, பால் பூத் சில்லறை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வாய்த்தது தருமபுரி மாவட்டம் அரூர்ப் பக்கம் மாமா வைத்திருக்கும் மளிகைக் கடை. அங்கே பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினால் டீக்கடை முதல் டவுன் பஸ் வரை "செல்லாதுங்க" என்றுதான் பதில் வரும். 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. மாமாவிடம் அந்தச் செய்தியைக் காட்டினேன். "ரிசர்வ் பேங்கா வந்து எங்கிட்ட பருப்பு வாங்குது மாப்ள?" என்றார். 2022இல் அரூர்க்காரர் ஒருவர் 6 லட்ச ரூபாயைப் பத்து ரூபாய் நாணயமாகவே கொட்டிக் கார் வாங்கினார். அப்போதும் மாமா அசையவில்லை.

ஆனால் வாடிக்கையாளர் முகத்துக்காக வாங்கிவிடுவார். திருப்பித் தரத்தான் வழியில்லை. பத்துப் பத்தாக அடுக்கி, பேப்பரில் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டுப் பழைய எண்ணெய் டின்னில் எறிவார். டின் நிறைந்ததும் பெங்களூர் போகிற யாரிடமாவது கொடுத்து மாற்றிக்கொள்வார். இடையில் நான் புகுந்தேன். நோட்டாகக் கொடுத்துவிட்டுச் சுருளை எடுத்துக்கொள்வேன். மாமாவுக்குச் சந்தோஷம், அத்தைக்கு என் மேல் கவலை.

ஞாயிறு இரவு பழைய வேட்டியை விரித்துச் சுருளைப் பிரிப்பேன். முதலில் பார்ப்பது பத்துக்கு மேலே இருக்கும் கோடுகளை. பழையதில் 15, காசில் ரூபாய்க் குறியீடு வந்த 2011லிருந்து 10. "ஒன்று கள்ளக் காசு" என்ற வதந்திக்கு இந்த வித்தியாசம்தான் தீனி போட்டது. அப்புறம் ஆண்டுக்குக் கீழே லென்ஸ் வைத்தால் எந்த ஊர் நாணயச் சாலையில் அடித்தது என்று தெரியும்: வைரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் புள்ளி தெரியவே தெரியாது.

அந்தப் பிசுக்கால்தான் ஒரு தப்பு செய்தேன். ரிசர்வ் வங்கியின் 75ஆம் ஆண்டு நாணயம் ஒன்று கிடைத்தது. குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். வெளி வளையம் இளஞ்சிவப்பாகிவிட்டது. சேலத்தில் ஒரு நாணய வியாபாரி அதைக் கையில்கூட வாங்கவில்லை. "கழுவின காசு தம்பி, கடையில கொடுத்துடுங்க" என்றார். எங்கள் ஊரில் எந்தக் கடையில் கொடுப்பது?

இதுவரை சுருள்களில் கிடைத்த நினைவு நாணயங்கள்: காந்தி தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய நூறாம் ஆண்டு, அம்பேத்கரின் 125ஆம் பிறந்த ஆண்டு, கயிறு வாரியத்தின் 60 ஆண்டு, நாடாளுமன்றத்தின் 60 ஆண்டு. வைஷ்ணோ தேவி உருவம் போட்டது மூன்று. யூடியூபில் வைஷ்ணோ தேவிக்கு லட்சம் தருகிறேன் என்பவர்களை நம்பி முன்பணம் அனுப்பிவிடாதீர்கள். கமிஷன், வரி என்று கறப்பதுதான் அவர்கள் தொழில். 2021இல் ரிசர்வ் வங்கியே எச்சரித்திருக்கிறது.

நான் உண்மையில் தேடியது 2005 ஆண்டு போட்ட முதல் வடிவத்தை. இரண்டு கோடுகள் குறுக்கே ஓட, நாலு புள்ளிகள் இருக்கும். ஆண்டு 2005 என்றாலும் மக்கள் கைக்கு வந்தது 2009இல்தான். எத்தனையோ சுருள் பிரித்தும் அது வரவில்லை.

போன மாதம் மாமா சாப்பிடப் போயிருந்தார், கல்லாவில் நான். ஓர் ஆயா வந்து அரைக் கிலோ துவரம்பருப்பு கேட்டார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஏழு காசுகளை மேசையில் வைத்தார், எல்லாம் பத்து ரூபாய். பஸ்ஸில் வாங்கவில்லையாம். மூன்றாவது காசில் கோடும் புள்ளிகளும். கவிழ்த்துப் பார்த்தேன், 2005. தேய்மானம் அதிகமில்லை.

இங்கே நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். "ஆயா, இந்த ஒண்ணுக்கு நூறு ரூபா தரேன்" என்று சொல்லித் தொலைத்தேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செல்லாத காசுக்கு எதுக்குப்பா நூறு ரூபா?"

"சேத்து வைக்கிறேன் ஆயா, பழசு."

"இருநூறு தரேன்" என்றும் சொல்லிப் பார்த்தேன். அது இன்னும் கெடுத்தது. அவர் அந்தக் காசை எடுத்து வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"அப்ப நானே வெச்சுக்கறேன்."

மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டு, மிச்சம் ஆறு காசை மட்டும் என் பக்கம் தள்ளினார். பருப்புக்குக் குறைந்த பத்து ரூபாயை மாமா கணக்கில் எழுதச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஆறில் ஒன்று யோகா தின நாணயம், அதுவும் என்னிடம் அதுவரை இல்லாததுதான். ஆயா வாரத்துக்கு ஒருமுறை வருகிறார். முந்தானை முடிச்சு அப்படியே இருக்கிறது.