அப்பா விட்டுப்போன கடன் மகன் தலையில் விழுமா?

கேள்வி: புரோநோட்டில் 5 லட்சம், கிரெடிட் கார்டில் 2 லட்சம் பாக்கி வைத்துவிட்டு ஒருவர் இறந்துவிட்டார். அவர் பெயரில் இருப்பது 4 லட்சம் பெறும் ஒரு மனை மட்டும். மகன்தான் ஒரே வாரிசு. 7 லட்சத்தையும் அவர் கட்ட வேண்டுமா?

கருவேலம்: ஒரு பைசா கட்ட வேண்டாம். வாங்கியது அப்பா, கையெழுத்தும் அவருடையது. தகப்பன் கடனைத் தீர்ப்பது மகனின் புனிதக் கடமை என்ற பழைய கோட்பாட்டை இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் 9.9.2005-இலேயே முடித்துவைத்துவிட்டது. பிரிவு 6(4).

பொருநை: பாதிதான் சரி. மகன் என்கிற ஒரே காரணத்துக்காக வசூலிக்க வருவதைத்தான் அந்தப் பிரிவு தடுக்கிறது. அந்தத் தேதிக்கு முந்தைய கடனுக்கு அந்தத் தடையும் இல்லை. அப்பா விட்டுப்போன சொத்து கடனுக்குக் கட்டுப்பட்டதுதான். சிவில் நடைமுறைச் சட்டம் 50, 52 பிரிவுகளைப் பாருங்கள். மனை கைக்கு வந்தால் 4 லட்சம் வரை பொறுப்பு உண்டு. மீதி 3 லட்சத்துக்கு மகன் சம்பளத்தைத் தொட முடியாது.

கருவேலம்: மனையை விற்றுச் செலவழித்துவிட்டால்? கையில் சொத்தே இல்லையே.

பொருநை: மாட்டிக்கொள்ளும் இடமே அதுதான். விற்ற பணம் எங்கே என்று கோர்ட் கேட்கும். ஈமச்செலவு, அப்பாவின் வேறு கடன் என்று ரசீதோடு கணக்குக் காட்டாவிட்டால், 52(2)-இன்படி அந்தத் தொகைக்கு மகனின் சொந்தச் சொத்தே ஜப்திக்கு வரும். தயவுசெய்து இந்த யோசனையை யாருக்கும் சொல்லாதீர்கள்.

வெண்ணாறு: கையெழுத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள், “பழைய நோட்டைக் கிழித்துவிடுகிறேன், உன் பெயரில் புதிதாக எழுதிக் கொடு தம்பி” என்று வந்து நிற்பார்கள். துக்க வீட்டில் மறுத்துப் பேச வாய் வராது. ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்து விழுந்தால் முழு 5 லட்சமும் மகனின் சொந்தக் கடன். ‘வாரிசாக என் கைக்கு வந்த சொத்து அளவுக்கு மட்டும்’ என்று நோட்டிலேயே எழுதினால்தான் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 29-ஆம் பிரிவு காப்பாற்றும். பழைய நோட்டின் பின்பக்கம் வட்டி வரவு எழுதிக் கையெழுத்துப் போடுவதும் வேண்டாம். கடன்காரர் வழக்குப் போடுவதற்கான 3 வருடக் கெடு அன்றிலிருந்து மறுபடி எண்ணப்படும். அப்பா இருந்தபோதே மகன் ஜாமீன் போட்டிருந்தால் கதை வேறு, அது முழுப் பொறுப்பு.

கருவேலம்: கையெழுத்து விஷயம் ஒப்புக்கொள்கிறேன். பி.எஃப். பணத்தையும் சேர்த்துக் கேட்பார்களே, அது தப்பு. பி.எஃப். சட்டப்படி நாமினிக்குச் சேரும் அந்தப் பணத்தில் இறந்தவரின் கடன் ஒட்டாது. மற்றபடி, கேட்பவர்கள் 3 வருடத்துக்குள் வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும். தானாகப் போய் ஏன் கொடுக்க வேண்டும்?

பொருநை: புரோநோட்டுக்குக் கொடுத்தது பெரும்பாலும் ஒரு குடும்பம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். அதைக் காலாவதியாகட்டும் என்று காத்திருப்பதை என்னால் ஏற்க முடியாது. மனையை விற்று, ஈமச்செலவு கழித்து, மிச்சத்தை 5-க்கு 2 என்று பிரித்துக் கொடுங்கள். 4 லட்சமும் மிஞ்சினால் நோட்டுக்காரருக்கு ஏறக்குறைய 2,85,700, வங்கிக்கு 1,14,300. நோட்டைத் திரும்ப வாங்காமல், வங்கியிடம் ‘பாக்கி இல்லை’ கடிதம் பெறாமல் பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள்.