பழைய கணினியில் எல்டன் ரிங்: தடுமாறுவது கணினியா, விளையாட்டா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

2022 பிப்ரவரியில் வெளிவந்த எல்டன் ரிங் என்ற கணினி விளையாட்டை நான் இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். என்னிடம் இருப்பவை கோர் ஐ5-3470 பிராசசர், 8 ஜி.பி. ரேம், 4 ஜி.பி. ஜி.டி.எக்ஸ். 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு, பழைய ஹார்டு டிஸ்க். குறைந்தபட்சம் 12 ஜி.பி. ரேமும் 1060 கார்டும் வேண்டும் என்று விளையாட்டை உருவாக்கியவர்களே அறிவித்திருப்பதால், திறக்குமா என்ற ஐயம் இருந்தது. திறந்துவிட்டது.

முதல் எதிரியிடம் அடிபட்டுச் சாவதுதான் தொடக்கமே என்பது சற்று வேடிக்கையாக இருந்தது. ஆனால் குகையைக் கடந்து கதவைத் தள்ளியதும், லிம்கிரேவ் சமவெளிக்கு மேலே அந்தப் பொன்மரம் வானம் முழுவதும் விரிந்து நின்றபோது, எல்லா அமைப்புகளையும் மிகக் குறைவில் வைத்திருக்கிறேன் என்பதே மறந்துபோனது. குதிரையில் போகும்போது புல் காலடியில்தான் முளைக்கிறது, அதைப் பொருட்படுத்தவில்லை.

என் குழப்பம் வேறு. ஸ்டார்ம்வேல் கோட்டை வாசலில் நிற்கும் மார்கிட் என்ற பெரிய எதிரி தடியை ஓங்குகிறான், நான் உருண்டு விலகுகிறேன், அவன் தடி அந்தரத்திலேயே நின்று, நான் எழுந்த பிறகு என் தலையில் இறங்குகிறது. இது என் கணினியின் தாமதமா? பாலக்காட்டில் ஒரு கடையில் பழைய 3 ஜி.பி. 1060 கார்டு கிடைக்கிறது. அதை வாங்கினால் தீருமா?

செங்கோட்டை வாசி:

தம்பி, மார்கிட் செய்வதற்கு உங்கள் கணினி பொறுப்பல்ல. அவசரப்பட்டு உருளுகிறவர்களைப் பிடிப்பதற்காகவே அவனுடைய ஓங்கல்களை வேண்டுமென்று தாமதித்து அமைத்திருக்கிறார்கள். இலட்ச ரூபாய்க் கணினியிலும் அந்தத் தடி அப்படித்தான் அந்தரத்தில் நிற்கும். ஓங்கும்போது உருளாமல், கை கீழே இறங்கத் தொடங்கும் நொடியில் உருண்டு பாருங்கள்.

கணினியின் தடுமாற்றத்தை வேறு விதமாக அறியலாம். ஒரு தாக்குதலையோ மந்திரத்தையோ முதன்முறை பார்க்கும்போது மட்டும் திரை ஒரு கணம் உறைந்து, அடுத்த முறை உறையாவிட்டால், அது ஷேடர் (கார்டு காட்சியை வரையப் பயன்படுத்தும் சிறு நிரல்) தயாராகும் நேரம்; பல புதிய கணினிகளிலும் இந்தத் தொல்லை இருந்தது. அதே சாலையில் குதிரையை விரட்டும் போதெல்லாம் உறைந்தால் ஹார்டு டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். பரந்த நிலப்பரப்பை ஓட ஓட ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டிய விளையாட்டு இது. ரேமும் பற்றாமல் போனால் மீதிச் சுமையையும் அந்த டிஸ்க்கே சுமக்கிறது. ஆகவே கார்டுக்கு முன் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான ஒரு சாட்டா எஸ்.எஸ்.டி.யும் இன்னொரு 8 ஜி.பி. ரேமும் வாங்குவதே என் பரிந்துரை. உங்களுடையது எச்61 சிப்செட் உள்ள மதர்போர்டாக இருந்தால் எஸ்.எஸ்.டி. முழு வேகத்தைக் காட்டாது, ஆனாலும் இப்போதுள்ளதைவிடப் பன்மடங்கு மேல்.

அந்த 1060 உங்கள் கார்டைவிட வேகமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் கார்டின் நினைவகம் 4-லிருந்து 3 ஜி.பி.யாகக் குறைகிறது. மேலும் இந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது, இனி பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும். பணம் கொடுத்து அதே தலைமுறைக்குள் இடம் மாறுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இப்போதைக்குச் செலவில்லாத ஒரு வழி உண்டு. என்விடியா கண்ட்ரோல் பேனலில் ஃபிரேம் வரம்பை, அதாவது நொடிக்குக் காட்டும் படங்களின் உச்ச எண்ணிக்கையை, 30 என்று வையுங்கள். 35-க்கும் 50-க்கும் இடையே அலைபாயும் வேகத்தில் ஒவ்வொரு உருளலும் கைக்கு வெவ்வேறாகத் தெரியும். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் 60 ஹெர்ட்ஸ் திரையில் சீரான 30 என்றால் ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு சுற்று நிற்பதால், கை அந்தத் தாளத்தைப் பழகிக்கொள்ளும். நிழல், புல், வால்யூமெட்ரிக் (மூடுபனி, ஒளிக்கற்றை) மூன்றையும் குறைவில் வைத்து, டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படம்) மட்டும் நடுத்தரத்துக்கு உயர்த்திப் பாருங்கள்.

நகரி நெசவாளன்:

முன்னவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் ஊரில் விசைத்தறி ஓடாத தெரு குறைவு என்பதால், இங்குள்ள கணினிகளுக்கு முதல் எதிரி பஞ்சுதான். பிராசசர் மின்விசிறியைக் கழற்றினால், அடியில் உள்ள அலுமினியத் தகடுகளின் மேல் சாம்பல் நிறக் கம்பளித் துண்டைப் போல ஒரு படலம் படிந்திருக்கும். விரலால் பிடித்து இழுத்தால் முழுதாகவே உரிந்து வரும். அதை எடுத்து, பிராசசரின் சூட்டைத் தகடுகளுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் அதையும் மாற்றிய பிறகு, விளையாட விளையாடத் தளர்ந்துபோகும் குறை பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. தொடக்கத்தில் நன்றாக ஓடி, போகப்போகத் தடுமாறுகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள். பாலக்காட்டு வெயிலும் எங்கள் வெயிலுக்குச் சளைத்ததல்ல.

மின்வெட்டும் இருக்குமானால், விண்டோஸில் ஆப்டேட்டாவுக்குள் ரோமிங் கோப்புறையில் உள்ள எல்டன் ரிங் சேமிப்புக் கோப்பை அவ்வப்போது வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். விளையாட்டு அடிக்கடி தானே சேமித்துக்கொண்டாலும், எழுதும் நேரத்தில் மின்சாரம் போனால் கோப்பு கெட வாய்ப்புண்டு.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

இருவருக்கும் நன்றி. 30-இல் நிறுத்தியதும் திரை சீரானது. மார்கிட் இன்னும் சாகவில்லை, ஆனால் தடி எப்போது இறங்கும் என்பது இப்போது கண்ணுக்குப் பிடிபடுகிறது. 1060 கார்டு வேண்டாம் என்று கடையில் சொல்லிவிட்டேன். ரேம் வேறு நிறுவனத்துடையதாக இருந்தால் பிழையுண்டா?

செங்கோட்டை வாசி:

பெரும்பாலும் இல்லை. உங்கள் பிராசசருக்குப் பொருந்தும் டி.டி.ஆர்.3 வகை ரேமில் 1600 வேகமுள்ளதாகப் பாருங்கள். இரண்டும் வெவ்வேறு வேகமானால் குறைந்த வேகத்திலேயே இரண்டும் ஓடும். உங்களிடம் இருப்பது ஒரே 8 ஜி.பி.யா, இரண்டு 4 ஜி.பி.களா என்பதை மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள், ஏனெனில் எச்61 போர்டுகள் பெரும்பாலானவற்றில் இரண்டே இடங்கள்தாம் உள்ளன.