40,000 கி.மீ. சர்வீஸ் எஸ்டிமேட்: எதைத் தள்ளலாம்?

கேள்வி:
பெட்ரோல் கார், மூணு வருஷம் ஆகுது. கம்பெனி சர்வீஸ் சென்டர் கொடுத்த எஸ்டிமேட்ல ஆயில், ஆயில் ஃபில்டர் போக இதெல்லாம் இருக்கு: இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், பிரேக் ஆயில், முன் பிரேக் பேட், டிஸ்க் ரெண்டும், கேபின் ஃபில்டர். ஓட்டத்துல எந்தக் குறையும் இல்ல. எது அவசியம்?

பதில் 1:
ஓனர் மேனுவல்ல சர்வீஸ் அட்டவணை இருக்கும். எஸ்டிமேட்டைப் பக்கத்துல வச்சு வரி வரியா ஒப்பிடுங்க. ஃப்ளஷும் (ஒரு திரவத்தை ஊத்தி இன்ஜின் உள்பக்கத்தைக் கழுவுறது) இன்ஜெக்டர் கிளீனிங்கும் (பெட்ரோலைப் பீய்ச்சுற முனையைச் சுத்தம் பண்றது) பெரும்பாலும் அதுல இருக்காது. ஐடில் (வண்டி நிக்கும்போது இன்ஜின் ஓடுறது) சீரா இருந்து, மைலேஜ் குறையாம, செக் இன்ஜின் லைட்டும் எரியலைன்னா இன்ஜெக்டரைத் தொடவே வேணாம். ஃப்ளஷ் திரவம் வடிச்ச பிறகும் கொஞ்சம் உள்ளே தங்கிப் புது ஆயிலோட கலக்கும், எனக்கு அதுல உடன்பாடே இல்ல.

பிரேக் ஆயிலை மட்டும் வெட்டிடாதீங்க. அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். டாட் 4ங்கிற பிரேக் ஆயில் தரத்துல புது ஆயிலோட கொதிநிலை குறைஞ்சது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறினா 155 வரைக்கும் இறங்கலாம். நீளமான மலை இறக்கத்துல கொதிச்சு ஆவியாச்சுன்னா பிரேக் பிடிக்காம பெடல் தரைக்குப் போயிடும். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்துறது நல்லது.

பதில் 2:
பேடையும் (டிஸ்கை அழுத்திப் பிடிக்கிற கட்டை) டிஸ்கையும் (வீலோட சேர்ந்து சுத்துற தட்டு) கண்ணு முன்னாடி அளந்து காட்டச் சொல்லுங்க. புது பேட் பொதுவா 10-12 மி.மீ. இருக்கும், 3 மி.மீ.க்கு வந்தா மாத்தணும். வீலைக் கழட்டி உள்பக்கப் பேடையும் பாருங்க. வெளிப்பேட் 6 மி.மீ., உள்பேட் 2 மி.மீ.ன்னு இருந்தா பெரும்பாலும் காலிப்பர் (பேடை டிஸ்க் மேல அழுத்துற பாகம்) நகர்றதுக்கான ஸ்லைடு பின் இறுகியிருக்கும். பேடை மட்டும் மாத்தினா அதுவும் அதே மாதிரிதான் தேயும். பின்னைக் கழட்டித் துடைச்சு, பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் தடவணும். சாதா கிரீஸ் போட்டா ரப்பர் ஊதி, பின் மறுபடி மாட்டிக்கும்.

டிஸ்க்ல குறைந்தபட்சத் தடிமன் பொறிச்சிருக்கும். அளவு அதுக்கு மேல தாராளமா இருந்து, பிரேக் பிடிக்கும்போது உதறல் இல்லாம, ஆழமான கோடும் விரிசலும் இல்லைன்னா டிஸ்க் அப்படியே இருக்கட்டும்.

பதில் 3:
லேபர் வரியையும் பாருங்க. டிஸ்க் மாத்தணும்னாலே வீல், காலிப்பர், பேட் எல்லாம் கழண்டு வந்துடும். அதனால பேடுக்குத் தனியா முழு லேபர் போட்டிருந்தா குறைக்கச் சொல்லிக் கேளுங்க.

காருக்குள்ள வர்ற காத்தை வடிகட்டுற கேபின் ஃபில்டர் பல கார்கள்ல கிளவ் பாக்ஸுக்குப் பின்னாடி இருக்கும். பெட்டியோட ரெண்டு பக்கத்தையும் உள்ளே அமுக்கினா கீழே இறங்கும். புது ஃபில்டர்ல இருக்கிற அம்புக்குறி காத்து போற திசையைப் பார்க்கணும், அவ்வளவுதான்.

ஆயிலை வெளியில மாத்தினா பில்லுல தேதி, கி.மீ., ஆயில் கிரேடு மூணையும் எழுதி வாங்குங்க, வாரண்டி கேட்கும்போது அதுதான் கை கொடுக்கும். ஏர்பேக், ரீகால் (குறைன்னு கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைக்கிறது) வேலைக்கு மட்டும் கம்பெனிக்கே போங்க.