மறுமொழி: போக்கர் ஆட்டத்தின் ‘பிளைண்ட்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

போக்கர் ஆட்டச் சொற்களைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று நான்கு நாளாக வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சமூக மன்றத்தில் பெற்றோருக்குக் கொடுக்கும் கையேடு வெள்ளி இரவு அச்சுக்குப் போகவேண்டும். மகன் கைபேசியில் ஆடும் போக்கர் என்ற இந்தப் பந்தயச் சீட்டாட்டம் என்ன ஆட்டம் என்று அம்மா அப்பாவுக்குப் புரியவேண்டும், அவ்வளவுதான். வீட்டில் உறவினரும் நண்பரும் நேரில் கூடி ஆடச் சிங்கப்பூர்ச் சட்டம் சூதாட்டத் தடையிலிருந்து விலக்கு தருகிறது. இணையத்தில் ஆடினால் அந்த விலக்கு கிடையாது. இதைச் சொல்லும் பக்கத்திலேயே ஆட்டச் சொற்களும் வருகின்றன.

> ரிவர் என்பதை ‘ஆறு’ என்றே வைத்துக்கொள்ளலாமே. அழகாக இருக்கிறது.

தம்பி, அழகுதான். ஆனால் நடுவில் விரிக்கும் பொதுச்சீட்டுகள் மொத்தம் 5. முதலில் 3 சேர்ந்து வரும், அப்புறம் ஒன்று, கடைசியில் ஒன்று. அந்த ஐந்தாவது சீட்டுக்கு ‘ஆறு’ என்று பெயர் வைத்தால் படிக்கிறவர் இன்னொரு சீட்டைத் தேடுவார். ‘முதல் மூன்று, நான்காம் சீட்டு, ஐந்தாம் சீட்டு’ என்றே எழுதிவிட்டேன்.

> ஃப்ளஷ் – நிறம். ஊரில் மூணு சீட்டு ஆடுகிறவர்கள் கலர் என்றுதானே சொல்கிறார்கள்?

அதனால்தான் வேண்டாம் என்கிறேன். மூணு சீட்டில் வரிசை (அடுத்தடுத்த எண் சீட்டுகள்) கலரை (எல்லாம் ஹார்ட், ஸ்பேட் போல ஒரே இனம்) வெல்லும். போக்கரில் தலைகீழ். 52 சீட்டில் ஐந்தைந்தாக எடுத்தால் வரிசை அமைவது 10,200 வகை, ஒரே இனமாக அமைவது 5,108 வகைதான். அரியது எதுவோ அது வெல்லும். மூன்று மூன்றாக எடுத்தால் வரிசை 720, ஒரே இனம் 1,096. பழைய சொல்லைக் கொடுத்தால் பழைய விதியும் கூடவே வந்துவிடும். ‘ஓரினம்’, ‘தொடர்’ என்று வைத்தால் இரண்டும் சேரும்போது ‘ஓரினத்தொடர்’ தானாகக் கிடைக்கிறது. இதில் யாருக்கும் மறுப்பில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

> நடுவில் சேரும் பணத்துக்கு ‘ஆயம்’. ‘உருளாயம்’ என்று வள்ளுவர் சூது அதிகாரத்தில் சொல்லியிருக்க, நாம் ஏன் வேறு தேடவேண்டும்?

ஐயா, உங்கள் மடலை இரண்டு முறை படித்தேன். அதே குறளில் அடுத்து வரும் ‘பொருளாயம்’ வேறு பொருளில் நிற்கிறது, அகப்பாடல்களில் ஆயம் என்றால் தலைவியின் தோழியர் கூட்டம், இன்றைக்குத் தீர்ப்பாயம். இத்தனையையும் கடந்து ஒரு தாய் மேசை நடுவில் கிடக்கும் காசுக்கு வந்து சேரவேண்டும். ‘நடுப்பணம்’ போதும். அதே அதிகாரத்தில் ‘கவறும் கழகமும் கையும்’ என்று வருகிறதே, அந்தக் ‘கை’யை எடுத்துக்கொண்டேன். அங்கே அது ஆடும் கைத்திறன். இங்கே ஒருவரிடம் அமைந்த சீட்டுகள். ‘நல்ல கை வந்தது’ என்றால் சீட்டு ஆடத் தெரியாதவருக்கும் விளங்கும்.

ஃபோல்டு – ‘மடித்தல்’ அல்ல, சீட்டை யாரும் மடிப்பதில்லை. ‘கவிழ்த்தல்’, அதாவது சீட்டைப் போட்டுவிட்டு அந்தச் சுற்றிலிருந்து விலகுவது. கால் – ‘ஈடுகொடுத்தல்’. அக்கா அனுப்பிய இந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, முன்னவர் கட்டிய அளவுக்குச் சரியாகக் கட்டுவதுதானே அது. ரெய்ஸ் – ‘ஏற்றுதல்’. செக் – ‘கட்டாமல் விடுதல்’. ஈடுகொடுக்க வேண்டிய பந்தயம் எதுவும் இல்லாதபோது மட்டும். ப்ளஃப் – ‘பூச்சாண்டி காட்டுதல்’. கொச்சை என்று இருவர் எழுதினார்கள். கை மோசமாக இருந்தும் பந்தயத்தை ஏற்றி எதிராளியைப் பயமுறுத்திக் கவிழ்க்க வைப்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்லும் சொல் எனக்குத் தெரியவில்லை. ‘பாசாங்கு’ என்பதில் அந்தப் பயம் இல்லை.

மிச்சம் பிளைண்ட். சீட்டைப் பார்க்கும் முன்பே, பங்கீட்டு வில்லைக்கு (சீட்டைப் பங்கிடும் முறை யாருடையது என்று காட்டும் வட்டு) இடப்பக்கம் இருக்கும் இருவர் கட்டாயமாகப் போடவேண்டிய பணம். இரண்டாமவர் பெரும்பாலும் முதலாமவரைப் போல் இரு மடங்கு போடுவார். ‘குருட்டுப் பந்தயம்’ எனக்கு ஒப்பவில்லை. மூணு சீட்டில் பிளைண்டு என்றால் சீட்டைப் பாராமல் ஆட ஒருவர் தானே எடுக்கும் துணிவு. இங்கே துணிவுக்கு இடமில்லை, முறை வந்தால் கட்டித்தான் ஆகவேண்டும். பார்வையற்றோர் மனம் நோகும் என்று ஆசிரியை ஒருவர் எழுதியதும் சரி.

‘முன்பணயம்’ எழுதிப் பார்த்தேன். வீட்டில் அம்மாவிடம் கொடுத்தேன், ‘முன்பணம்’ என்று வாசித்துவிட்டு, “யாருக்கு அட்வான்ஸ்?” என்று கேட்டார். ஆகவே ‘முன்கட்டு’. பணம் கட்டு, பந்தயம் கட்டு என்று நாம் பேசுவதிலிருந்து வந்தது: சிறு முன்கட்டு, பெரு முன்கட்டு. முன்கட்டு என்றால் வீட்டின் முன்பகுதி அல்லவா என்ற ஐயாவின் மறுப்பு நியாயமானது. ஆனால் அடுக்குமாடியில் பிறந்து வளர்ந்தவர்கள் அந்தப் பொருளை நினைக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

ஏழு பேர் முன்கட்டு, மூன்று பேர் முன்பணயம், ஐயா மட்டும் இன்னும் ‘முன்னாயம்’. வெள்ளி மாலை 6 மணி வரை மடல் பார்ப்பேன். அதற்குள் வேறு நல்ல சொல் வந்தால் மாற்றிவிடுகிறேன்.