டார்க் நைட் ரைசஸ்: இழுவையும் சண்டையும்

கேள்வி (வெள்ளவத்தை): 2012இல் வந்த, இயக்குநர் நோலனின் இந்தப் பேட்மேன் படத்தை நேற்று தம்பியோடு திரும்பப் பார்த்தேன். 160 நிமிடத்துக்கும் மேல்! பேட்மேன் உடுப்பைக் காணவே இவ்வளவு காத்திருக்க வேண்டுமா? பங்குச் சந்தைக் கொள்ளை பகலில் நடக்கிறது, துரத்திக்கொண்டே சுரங்கப்பாதைக்குள் போய் வெளியே வந்தால் நல்ல இருட்டு. உங்களுக்கும் உறுத்தியதா?

பதில் 1: எனக்கு அதைவிடப் பெரிய குறை, கிணறு மாதிரியான அந்தச் சிறையிலிருந்து ஏறித் தப்பிய புரூஸ் (பேட்மேன்தான்), பாலங்கள் தகர்ந்து அடைபட்டுக் கிடக்கும் கோதம் நகருக்குள் எப்படி வந்தார் என்று ஒரு வரிகூட இல்லை.

பதில் 2: மச்சான், நிலத்தடிச் சண்டையை விட்டுவிட்டுக் கதைக்காதே. வில்லன் பேனோடு (Bane) மோதும்போது பின்னணி இசையே இல்லை. தண்ணீர் விழும் சத்தமும் அடியும்தான், அப்புறம் பேட்மேனைத் தூக்கி முழங்காலில் போட்டு முதுகை உடைப்பான். நான் ஏஎல் (உயர்தரம்) படிக்கிற காலத்தில் பார்த்தது, தியேட்டரில் ஒரு சத்தமில்லை. ஆனால் கடைசித் தெருச் சண்டை எடுபடவில்லை. பொலிஸார் கூட்டமாகத் துப்பாக்கிகளுக்கு நேரே ஓடுகிறார்கள், யார் யாரை அடிக்கிறார்கள் என்றே விளங்கவில்லை.

கேட்டவர்: சரி மச்சான், அந்த நிலத்தடிச் சண்டையை ஒத்துக்கொள்கிறேன். அது வருவதற்குள் தம்பி நித்திரை, இன்றைக்கு அந்த இடத்தை மட்டும் அவனுக்குப் போட்டுக் காட்டுகிறேன்.